6 மாதக் குழந்தைக்கு முதல் உணவு: வயிறு நிறைஞ்சா மட்டும் போதுமா? தண்ணிக் கஞ்சியில் ஒளிந்திருக்கும் கணக்கு!

"குழந்தைக்கு ஆறு மாசம் முடியப் போகுதே, இனிமே என்ன கொடுக்கலாம்?"

ஒரு வீட்டில் இந்தக் கேள்வி எழுந்தால் போதும், பதில்கள் வரிசை கட்டி நிற்கும். ராகிப் பால் கொடு என்பார் பாட்டி. பருப்புத் தண்ணியில ஆரம்பி என்பார் பக்கத்து வீட்டு அக்கா. ஆப்பிளை வேக வைத்து மசி என்பார் அலுவலகத் தோழி. யூடியூப்பைத் திறந்தால் இருபது முப்பது பொருள் போட்ட சத்துமாவு வறுபட்டுக்கொண்டிருக்கும்.

எல்லோரும் 'என்ன' கொடுப்பது என்றுதான் பேசுகிறார்கள். 'எவ்வளவு கெட்டியாக' கொடுப்பது என்று யாரும் பேசுவதில்லை. ஆனால், நம் ஊர்க் குழந்தைகள் பலர் 6 மாதத்துக்குப் பிறகு எடை கூடாமல் நிற்பதற்கு அந்த இரண்டாவது கேள்வியும் ஒரு முக்கியக் காரணம். அதை விளக்கமாகப் பார்க்கலாம்.

ஏன் சரியாக 6 மாதம்?

பிறந்தது முதல் 6 மாதம், அதாவது 180 நாள் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 'மட்டும்' என்றால் மட்டும்தான். தண்ணீர், தேன், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். "மே மாசம், தொண்டை காயும்ல?" என்று கேட்பார்கள். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். கூடுதலாக இரண்டு முறை பால் கொடுத்தாலே தாகம் தீர்ந்துவிடும்.

அப்படியானால் 6 மாதத்துக்குப் பிறகு என்ன மாறுகிறது? இரண்டு விஷயங்கள்.

ஒன்று, குழந்தைக்குத் தேவைப்படும் சக்தி கூடுகிறது. தாய்ப்பாலில் கிடைக்கும் அளவைத் தாண்டி, 6 முதல் 8 மாதக் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி கூடுதலாகத் தேவை. 9 முதல் 11 மாதத்தில் அது 300 ஆகும். ஒரு வயதைத் தாண்டினால் 550.

இரண்டு, இரும்புச்சத்து. குழந்தை வயிற்றில் இருக்கும்போதே அம்மாவிடமிருந்து இரும்புச்சத்தைச் சேமித்துக்கொண்டுதான் பிறக்கிறது. அந்தச் சேமிப்பு ஏறக்குறைய 6 மாதத்தில் கரைந்துவிடும். தாய்ப்பாலில் இருக்கும் இரும்புச்சத்து எளிதாக உடலில் சேரும் என்றாலும், அளவு குறைவு. மீதி உணவிலிருந்துதான் வர வேண்டும்.

அதற்காக 4 மாதத்திலேயே அவசரப்படவும் வேண்டாம், 8 மாதம் வரை தள்ளிப்போடவும் வேண்டாம். கழுத்து நன்றாக நிற்கிறதா, பிடித்துக்கொண்டால் உட்காருகிறதா, நாம் சாப்பிடும்போது வாயையே பார்க்கிறதா, ஸ்பூனை வைத்தால் நாக்கால் வெளியே தள்ளாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். இவையெல்லாம் குழந்தை தயார் என்பதற்கான அறிகுறிகள். பல் முளைக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை, ஈறே போதும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் மட்டும், எப்போது தொடங்குவது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

தண்ணிக் கஞ்சியின் கணக்கு

இதுதான் இந்தக் கட்டுரையின் மையம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு குழந்தையின் வயிறு அதன் எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மில்லி அளவுதான் கொள்ளும். 7 கிலோ குழந்தைக்கு ஏறக்குறைய 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர்.

இப்போது ஒரு டம்ளர் தண்ணீரில் குவியலாக ஒரு மேசைக்கரண்டி, சுமார் 10 கிராம் ராகி மாவு போட்டுக் காய்ச்சுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீர்க்க, கொழகொழவென்று வரும். அதில் இருப்பது சுமார் 32 கலோரி. குழந்தைக்குத் தேவையான 200 கலோரி இதிலிருந்தே கிடைக்க வேண்டும் என்றால், ஒரு நாளைக்கு 6 டம்ளர் குடித்தாக வேண்டும். எந்தக் குழந்தையாலும் முடியாது. அப்படியே குடித்தாலும் தாய்ப்பாலுக்கு வயிற்றில் இடம் இருக்காது.

அதே டம்ளர் தண்ணீரில் 30 கிராம் மாவு போட்டுக் கெட்டியாகக் கிளறி, ஒரு டீஸ்பூன் நெய் விடுங்கள். மாவில் 96 கலோரி, நெய்யில் 45. மொத்தம் 140-ஐத் தாண்டிவிட்டது. இதைக் காலை பாதி, மாலை பாதி என்று கொடுத்து, நடுவில் பாதி வாழைப்பழத்தை மசித்துக் கொடுத்தால் இன்னொரு 50 கலோரி. கிட்டத்தட்ட 200-ஐத் தொட்டாச்சு. வயிறும் பிதுங்காது, தாய்ப்பாலுக்கும் இடம் இருக்கும்.

தண்ணிக் கஞ்சி குடித்த குழந்தையும் வயிறு நிறைந்து தூங்கத்தான் செய்யும். அதனால்தான் நமக்குச் சந்தேகமே வருவதில்லை. "நல்லாத்தான் குடிக்கிறான், ஆனா எடையே ஏறலை" என்று சொல்லும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது கிண்ணத்தில் இருக்கும் கஞ்சியைத்தான்.

எப்படிப் பார்ப்பது? சின்ன சோதனை ஒன்று இருக்கிறது. ஸ்பூனில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். உடனே ஒழுகிவிட்டால் தண்ணி. மெதுவாக நழுவி, ஸ்பூனிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் சரியான பதம்.

பருப்புத் தண்ணிக்கும் இதே கதைதான். பருப்பை வேகவைத்து மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் எடுத்துக் கொடுக்கிறோம். புரதம் இருப்பது அடியில் தங்கிய பருப்பில்! அதைப் பெரியவர்கள் சாம்பாருக்கு எடுத்துக்கொள்வார்கள், குழந்தைக்கு மஞ்சள் தண்ணீர். சோறு வடித்த கஞ்சி, காய் வேகவைத்த தண்ணீர், வடிகட்டிய சூப் எல்லாமே இதே வகைதான். பருப்பையே மசித்துக் கொடுங்கள்.

"கெட்டியா கொடுத்தா முழுங்க மாட்டேங்குதே?" என்று கேட்டால், அதற்கு நம் பாட்டிமார் வைத்திருந்த வழியே இருக்கிறது. அதுதான் ராகியை முளைகட்டி, காயவைத்து, லேசாக வறுத்து அரைப்பது. முளைக்கும்போது தானியத்தில் உருவாகும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைக்கும். அதனால் அதிக மாவு போட்டாலும் கஞ்சி களி மாதிரி இறுகாமல் இளகலாக இருக்கும், தண்ணீர் ஊற்ற வேண்டிய அவசியம் இல்லை. இரும்புச்சத்து உடலில் சேருவதையும் முளைகட்டுதல் எளிதாக்கும்.

முதல் வாரம் எப்படி?

முதல் நாளே கிண்ணம் காலியாக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். சோறூட்டும் விழா அன்று எத்தனை பேர் ஊட்டினாலும், குழந்தைக்கு அது ஒரு வாய் ருசி மட்டும்தான். உண்மையான பழக்கம் மறுநாள் வீட்டில்தான் தொடங்குகிறது.

* முதல் சில நாட்கள்: ஒரு வேளை, இரண்டு மூன்று ஸ்பூன் போதும். குழைய வேகவைத்து மசித்த சாதம், ராகிக் கூழ், மசித்த வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பூசணி, இதில் எது வேண்டுமானாலும் தொடக்கமாக இருக்கலாம்.
* ஒரு புதிய உணவைத் தொடங்கினால் இரண்டு மூன்று நாள் அதைக் கவனியுங்கள். பிறகு அடுத்தது.
* தொடக்கத்தில் காலை அல்லது மதிய வேளை நல்லது. ஏதாவது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பகலிலேயே தெரிந்துவிடும்.
* இரண்டாவது வாரத்திலேயே சாதத்துடன் பருப்பு சேர்த்துவிடுங்கள். இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு, குழைய வேகவைத்து, கரண்டியால் மசித்து, அரை டீஸ்பூன் நெய்.

முதல் உணவே பல பொருள் போட்ட சத்துமாவாக இருக்க வேண்டாம். அதில் கெடுதல் என்று இல்லை. ஆனால் உடம்பில் தடிப்பு வந்தால் முந்திரியா, கோதுமையா, வேர்க்கடலையா, எது காரணம் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒவ்வொன்றாகப் பழக்கிய பிறகு கலவை மாவு கொடுக்கலாம்.

எந்த மாதத்தில் எவ்வளவு?

* 6 முதல் 8 மாதம்: ஒரு நாளைக்கு 2 முதல் 3 வேளை. இரண்டு மூன்று ஸ்பூனில் தொடங்கி, மெல்ல மெல்ல ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம் வரை. கிண்ணம் என்பது 250 மில்லி அளவு. பதம்: கட்டியில்லாமல் மசித்தது.
* 9 முதல் 11 மாதம்: 3 முதல் 4 வேளை. ஒவ்வொரு வேளையும் அரைக் கிண்ணம். பதம்: கொஞ்சம் கரகரப்பாக மசித்தது, பொடியாக நறுக்கியது, கையில் பிடித்துச் சாப்பிடும் மென்மையான இட்லித் துண்டு, வேகவைத்த கேரட்.
* 12 முதல் 23 மாதம்: 3 முதல் 4 வேளை, இடையில் ஒன்றிரண்டு முறை சிறு தீனி. முக்கால் கிண்ணம் முதல் ஒரு கிண்ணம். பதம்: வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதே, காரம் மட்டும் குறைவாக.

இதோடு தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. ஒரு வயது வரை குழந்தையின் சக்தித் தேவையில் பாதியோ அதற்கு மேலோ தாய்ப்பாலிலிருந்துதான் வருகிறது. இரண்டு வயது வரையும், அதற்கு மேலும் கொடுக்கலாம். 6 மாதத்துக்குப் பிறகு காய்ச்சி ஆறவைத்த தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை: மிக்ஸி. தொடக்கத்தில் வசதியாக இருக்கும். ஆனால் ஒன்றரை வயதிலும் சாம்பார் சாதத்தை மிக்ஸியில் அடித்துக் கொடுக்கும் வீடுகள் இருக்கின்றன. 10 மாதத்துக்குள் கட்டிகட்டியான உணவு பழகாத குழந்தைகள், பின்னாளில் மெல்லவும் புது உணவை ஏற்கவும் அதிகம் அடம்பிடிக்கிறார்கள். 8 மாதத்திலிருந்தே மிக்ஸிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, கையாலோ மத்தாலோ மசியுங்கள்.

இரும்புச்சத்து: ஏன் இத்தனை பேச்சு?

2019-21 காலகட்டத்தில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 6 மாதம் முதல் 5 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டில் 57 சதவீதம். பாதிக்கு மேல்! அதே ஆய்வில், 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதுமான உணவு கிடைப்பது நாடு முழுக்க 100-ல் 11 பேருக்கு மட்டும்தான் என்றும் தெரியவந்தது.

சாப்பாடே இல்லாத வீட்டுக் குழந்தைகள் மட்டும் இந்தக் கணக்கில் வரவில்லை. மூன்று வேளையும் இட்லி, ரசம் சாதம், பாலில் ஊறவைத்த பிஸ்கட் என்று சாப்பிடும் குழந்தைகளும் இதில் உண்டு. மூளை வேகமாக வளரும் இந்த வயதில் இரும்புச்சத்து குறைந்தால், கவனம், கற்றல், சுறுசுறுப்பு எல்லாம் பாதிக்கப்படும். பிறகு மருந்து கொடுத்து ரத்த அளவைச் சரிசெய்தாலும், இழந்த வளர்ச்சி முழுதாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது.

எதில் கிடைக்கும்?

* அசைவம் சாப்பிடும் வீடு: நன்கு வேகவைத்து மசித்த ஆட்டு ஈரல், கோழி ஈரல், கொத்துக்கறி, முள் நீக்கிய மீன், முட்டை. "இதெல்லாம் ஒரு வயசுக்கு மேலதான்" என்பது பழைய பேச்சு. 6 மாதம் முடிந்ததிலிருந்தே கொடுக்கலாம். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் அது மட்டும் தினமும் வேண்டாம்.
* சைவ வீடு: பருப்பு, பயறு, ராகி, கம்பு, முருங்கைக்கீரை, எள். இவற்றில் இருக்கும் இரும்புச்சத்து முழுதாக உடலில் சேராது. அதோடு வைட்டமின் சி சேர்த்தால் நன்றாகச் சேரும். எனவே பருப்பு சாதத்தில் மசித்த தக்காளி, சில துளி எலுமிச்சைச் சாறு, அல்லது சாப்பிட்டதும் இரண்டு துண்டு கொய்யாவோ பப்பாளியோ மசித்துக் கொடுங்கள்.
* டீ வேண்டவே வேண்டாம். டீயில் நனைத்த பன், டீயில் நனைத்த ரஸ்க் இரண்டும் இரும்புச்சத்து சேருவதைத் தடுக்கும்.

6 மாதம் முதல் 5 வயது வரையான குழந்தைகளுக்கு வாரம் இருமுறை கொடுக்க அரசுத் திட்டத்திலேயே இரும்புச்சத்து சிரப் உண்டு. கிராம சுகாதாரச் செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ கேளுங்கள். எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்கு இன்னும் முன்பே தேவைப்படலாம். அதை மருத்துவர் சொல்வார்.

தட்டில் 8-க்கு 5 இருக்கா?

ஒவ்வொரு நாளும் சத்து அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதற்கு உலக சுகாதார நிறுவனம் எளிய கணக்கு ஒன்றை வைத்திருக்கிறது. உணவை 8 வகையாகப் பிரித்து, ஒரு நாளில் குறைந்தது 5 வகை குழந்தைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது.

1. தாய்ப்பால்
2. தானியம், கிழங்கு
3. பருப்பு, பயறு, கொட்டை வகை
4. தயிர், பால் பொருட்கள்
5. கறி, மீன், ஈரல்
6. முட்டை
7. கேரட், பூசணி, கீரை, மாம்பழம், பப்பாளி போன்ற வைட்டமின் ஏ நிறைந்தவை
8. மற்ற காய்கள், பழங்கள்

ஒரு உதாரணம்: தாய்ப்பால், காலை முட்டை, மதியம் பருப்பும் கேரட்டும் போட்ட குழைந்த சாதம். எண்ணிப் பாருங்கள், 5 வந்துவிட்டது. தனியாக எதையும் வாங்கவில்லை, வீட்டில் சமைத்ததிலிருந்தே எடுத்தாச்சு. உப்பும் மிளகாயும் போடுவதற்கு முன் குழந்தையின் பங்கைத் தனியே எடுத்து வைத்தால் போதும்.

முட்டை, வேர்க்கடலை: அலர்ஜி வராதா?

முன்பெல்லாம் அலர்ஜிக்குப் பயந்து வேர்க்கடலையைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். 2015-ல் வெளியான ஒரு ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள், அலர்ஜி வரும் அபாயம் அதிகம் உள்ள 640 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். 4 முதல் 11 மாத வயதிலேயே பாதிப் பேருக்கு வேர்க்கடலை உணவைப் பழக்கினார்கள், மீதிப் பேருக்குக் கொடுக்கவே இல்லை. 5 வயதில் பார்த்தபோது, சின்ன வயதிலேயே சாப்பிட்ட குழந்தைகளிடம் வேர்க்கடலை அலர்ஜி சுமார் 80 சதவீதம் குறைவாக இருந்தது.

ஆகவே 6 மாதம் முடிந்து, ஒன்றிரண்டு உணவுகள் பழகிய பிறகு, வறுத்து நைசாக அரைத்த வேர்க்கடலைப் பொடியைக் கஞ்சியில் கால் டீஸ்பூன் கலந்து தொடங்கலாம். முழு வேர்க்கடலை மட்டும் கூடவே கூடாது, அது மூச்சுக்குழாயில் அடைக்கும். முட்டையை மஞ்சள் கரு, வெள்ளைக் கரு என்று பிரிக்கத் தேவையில்லை. நன்றாக வேகவைத்த முழு முட்டையை மசித்துக் கொடுக்கலாம்.

கடுமையான எக்ஸிமா என்ற தோல் அரிப்புப் பிரச்சனை உள்ள குழந்தை என்றால், வீட்டில் முயற்சி செய்வதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். புதிய உணவு சாப்பிட்ட பிறகு உதடு, முகம் வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரு வயது வரை 'நோ' சொல்ல வேண்டியவை

* தேன்: பிறந்ததும் சேனை வைப்பதில் தொடங்கி எந்த வடிவிலும் வேண்டாம். பொட்டுலிசம் என்ற அரிய, ஆனால் ஆபத்தான நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் தேனில் இருக்கலாம். வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அவை சாகாது.
* உப்பு, சர்க்கரை: "உப்பு இல்லாம எப்படிச் சாப்பிடும்?" இந்த ஆதங்கம் நம்முடையது, குழந்தையுடையது அல்ல. உப்பின் ருசியே தெரியாத நாக்குக்கு அது தேவைப்படாது. சர்க்கரை சேர்ப்பதை இரண்டு வயது வரை தவிர்ப்பது நல்லது. கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை என்று பெயர் மாறினாலும் இனிப்பு இனிப்புதான்.
* முக்கிய பானமாகப் பசும்பால்: இதில் இரும்புச்சத்து மிகக் குறைவு. வயிற்றையும் நிறைத்துவிடும். தயிராகக் கொஞ்சம் கொடுக்கலாம்.
* டீ, காபி, ஜூஸ், பாக்கெட் தின்பண்டங்கள்.
* புட்டியில் கஞ்சி: நிப்பிளின் ஓட்டையைப் பெரிதாக்கிக் கஞ்சியை ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. புட்டியில் இறங்க வேண்டும் என்றால் கஞ்சி தண்ணியாகத்தான் இருக்க வேண்டும். போதாக்குறைக்குப் புட்டியைச் சுத்தமாக வைப்பதும் கடினம், வயிற்றுப்போக்கு வரும். கிண்ணமும் ஸ்பூனும் போதும்.

கடை மாவு, அங்கன்வாடி மாவு: எது சரி?

குழந்தைகளுக்கான ரெடிமேட் உணவுக்கு டிவியில் விளம்பரம் பார்த்திருக்கிறீர்களா? வரக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. 1992-ல் கொண்டுவரப்பட்டு 2003-ல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, இரண்டு வயது வரையான குழந்தைகளுக்கான பால் பவுடர், உணவு, பால் புட்டி எதையும் இந்தியாவில் விளம்பரம் செய்யக் கூடாது. வீட்டு உணவே போதும் என்ற நம்பிக்கையை விளம்பரங்கள் குலைத்துவிடக் கூடாது என்பதுதான் காரணம்.

பயணத்துக்கோ அவசரத்துக்கோ கடை மாவு வாங்கினால், அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். சர்க்கரை, சுக்ரோஸ், குளுக்கோஸ் சிரப், தேன் என்று ஏதாவது முதல் சில பெயர்களில் வந்தால் அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள்.

அங்கன்வாடியில் 6 மாதம் முதல் 3 வயது வரையான குழந்தைகளுக்கு இணை உணவு மாவு இலவசமாகத் தருகிறார்கள். கோதுமை, முளைகட்டிய ராகி, கடலைப்பருப்பு போன்றவற்றோடு வைட்டமின்களும் சேர்த்த மாவு அது. "ஓசி மாவு" என்று மாட்டுக்கு வைத்துவிடும் வீடுகளும் உண்டு. அதைச் செய்யாதீர்கள். அதில் ஏற்கெனவே வெல்லம் இருப்பதால் மேற்கொண்டு இனிப்பு சேர்க்காமல், கெட்டியாகக் கிளறி, பருப்பு, காய், முட்டை எல்லாம் இருக்கும் மற்ற வேளைச் சாப்பாட்டோடு கொடுங்கள்.

வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு...

சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்குக் கிடைக்கும் பேறுகால விடுப்பு 26 வாரம். கணக்குப் பாருங்கள், ஏறக்குறைய 6 மாதம்! பிரசவத்துக்கு முன்பே சில வாரம் எடுத்திருந்தால் இன்னும் குறைவு. குழந்தைக்கு உணவு தொடங்கும் அதே நேரத்தில் அம்மா அலுவலகம் கிளம்ப வேண்டியிருக்கிறது. ஊட்டும் வேலை பாட்டியிடமோ காப்பகத்திடமோ போய்விடுகிறது.

அதனால் விடுப்பு முடிவதற்கு முன்பே வீட்டில் பேசிவிடுங்கள். எவ்வளவு கெட்டி, எத்தனை வேளை, எது கூடாது என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடலாம். "நாங்க பிள்ளை வளர்க்கலையா?" என்ற பேச்சு வரும். சண்டை போட வேண்டாம், ஸ்பூன் சாய்க்கும் சோதனையைக் காட்டுங்கள். அலுவலகம் போகும் முன்னும் வந்த பின்னும் இரவிலும் தாய்ப்பால் கொடுப்பதைத் தொடருங்கள். இது அப்பாக்களுக்கும்தான்! ஒரு வேளையாவது ஊட்டும் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

மொபைலைக் காட்டி ஊட்டலாமா?

வேண்டாம். ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பாட்டு ஓடும்போது வாயைத் திறக்கும் குழந்தை, தான் என்ன சாப்பிடுகிறோம், வயிறு நிறைந்ததா என்று கவனிப்பதில்லை. நாளைக்கு மொபைல் இல்லாமல் ஒரு வாய் இறங்காது.

எதிரே உட்கார வைத்து, முகம் பார்த்துப் பேசி ஊட்டுங்கள். முகத்தைத் திருப்பினால், வாயை மூடிக்கொண்டால், ஸ்பூனைத் தட்டிவிட்டால் 'போதும்' என்று அர்த்தம். கையைக் காலைப் பிடித்துக்கொண்டு திணித்தால் சாப்பாடு என்றாலே பயம் வந்துவிடும். ஒரு புதிய ருசி பழக 8 முதல் 10 முறை கூட ஆகலாம். இன்று துப்பியதை இரண்டு நாள் கழித்து மறுபடி கொடுங்கள். தானே அள்ளி, மேலெல்லாம் பூசிக்கொண்டாலும் விடுங்கள். அதுவும் பாடம்தான்.

விக்கினால் என்ன செய்வது?

குழந்தை 'ஓக்' என்று ஓங்கரித்து, இருமி, முகம் சிவந்தால் பயப்பட வேண்டாம். உணவு தொண்டைக்குள் தவறிப் போகாமல் தடுக்கும் இயல்பான பாதுகாப்பு அது. சத்தம் வருகிறது என்றால் காற்று போகிறது என்று பொருள்.

சத்தமே வராமல், அழ முடியாமல், உதடு நீலமாகிறது என்றால்தான் ஆபத்து. அப்போது:

* உதவிக்குக் கூப்பிட்டு, ஒருவரை 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள்.
* குழந்தையைக் குப்புற உங்கள் முன்கையில் படுக்க வைத்து, தலை தாழ்ந்து இருக்குமாறு பிடித்து, இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டுங்கள்.
* வெளியே வரவில்லை என்றால் மல்லாக்கத் திருப்பி, மார்பின் நடுவில் 5 முறை அழுத்துங்கள். வெளியே வரும் வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.
* கண்ணுக்குத் தெரியாத பொருளை எடுக்க விரலை வாய்க்குள் விட்டுத் துழாவாதீர்கள். இன்னும் உள்ளே போய்விடும்.
* குழந்தை நினைவிழந்தால் சமமான தரையில் படுக்க வைத்து, 108-ல் பேசுபவர் சொல்வதை அப்படியே செய்யுங்கள்.

முழு வேர்க்கடலை, திராட்சை, பாப்கார்ன், முறுக்கு, பச்சைக் கேரட், சுண்டல் கடலை, கடினமான மிட்டாய் ஆகியவை குட்டிக் குழந்தைகளின் கைக்கு எட்டவே கூடாது. படுத்துக்கொண்டோ ஓடிக்கொண்டோ சாப்பிட விடாதீர்கள்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு நேரத்தில்?

"வயிறு காயட்டும்" என்று பட்டினி போடுவது தவறு. தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். உணவைச் சிறிது சிறிதாக, பல வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். கரைசல் அவசியம். மருத்துவர் சொல்லும் அளவில் 14 நாள் துத்தநாக மருந்தும் தேவை, நடுவில் நின்றுவிட்டாலும் முழுதாகக் கொடுத்து முடிக்க வேண்டும். குணமான பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு வேளை கூடுதலாக ஊட்டினால், இழந்த எடை திரும்ப ஏறும்.

சரியாக வளர்கிறதா? எப்படித் தெரியும்?

பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடாதீர்கள். எடை மேடையைக் கேளுங்கள். பொதுவாகக் குழந்தையின் பிறந்த எடை 5, 6 மாதத்தில் இரு மடங்காகும், ஒரு வயதில் மூன்று மடங்காகும். 3 கிலோவில் பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளில் ஏறக்குறைய 9 கிலோ இருக்கும். மாதம் ஒருமுறை அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ எடை போட்டு வளர்ச்சி அட்டையில் குறியுங்கள். கோடு தொடர்ந்து மேலே போனால் சரி.

இரண்டு மாதமாக எடை அசையவில்லை, உள்ளங்கை வெளிறியிருக்கிறது, எப்போதும் சோர்வாக இருக்கிறது, 7 மாதமாகியும் ஸ்பூனையே ஏற்கவில்லை என்றால் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். மருத்துவ ஆலோசனைக்குத் தமிழக அரசின் 104 எண்ணையும் அழைக்கலாம்.

மற்றபடி, இதற்கெல்லாம் பெரிய செலவு ஒன்றும் இல்லை. கொஞ்சம் அரிசி, கொஞ்சம் பருப்பு, ஒரு முட்டை, ஒரு ஸ்பூன் நெய் போதும். நாளைக்குக் காலையில் கஞ்சி காய்ச்சும்போது ஸ்பூனில் எடுத்து ஒருமுறை சாய்த்துப் பாருங்கள். ஒழுகினால், இன்னும் ஒரு பிடி மாவைக் கரைத்து ஊற்றிக் கிளறிவிடுங்கள்.